இடது பக்கம் நடக்கும் மெஷின்

குன்னூர், பர்லியார் ரோடு
அக்டோபர் 1, 2024

சபீஹா,

மேலே ‘அன்புள்ள’ போடவில்லை, கவனித்திருப்பாய். இரண்டு வருடத்துக்கு முன்னால், என் புதுச் சமையலறைத் திறப்பு அன்றைக்கு, இனி உன்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்தது என் வாய்தான். கை அதில் சேரவில்லை. அது அப்போது கேசரி பரிமாறிக்கொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

போன் செய்தால் ஆகாதா என்பாய். உன் நம்பரை என் போனில் பிளாக் செய்தது என் மகள் ஷைனா. மூக்கைச் சிந்திக்கொண்டே செய்யச் சொன்னது நான். இப்போது அதை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டால், “ஏம்மா, ராசியாயிட்டீங்களா?” என்று திருப்பூரில் இருந்தபடியே சிரிப்பாள். ராசியாகவில்லை. ஒரு ஃபுட் புராசஸர் வேண்டும், அவ்வளவுதான்.

ஊட்டி பஜாரில் உன் கடையை விட்டால் நான் நம்பி மின்சாமான் வாங்குகிற கடை வேறு இல்லை. இதை எழுதும்போது என் பேனா எப்படி முறைத்தது என்று நீ பார்க்கவில்லை. இந்த வருடம் கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் கூடிவிட்டது. வெலிங்டன் ராணுவ முகாமில் என் வீட்டுக்காரர் அம்புரோஸோடு வேலை பார்த்தவர்கள் எல்லார் வீட்டுக்கும் என் பிளம் கேக்தான் போகிறது. பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், முந்திரி என்று கத்தியால் நறுக்கி நறுக்கி என் மணிக்கட்டு எண்ணெய் காணாத கேட் மாதிரி கிறீச்சிடுகிறது. டாக்டர் ஓய்வு கொடு என்கிறார். ஓய்வு பெற்ற மனுஷன் ஒருத்தர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார், இரண்டு பேர் ஓய்ந்தால் யார் அடுப்பைப் பற்ற வைப்பது?

யூடியூபில் ஒரு பெண் பதினாறு இணைப்புள்ள மெஷினைக் காட்டினாள். அதை வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். வைக்க இடமா இல்லை? இடது கோடியில் பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடி ஜன்னல், அங்கிருந்து வலது கோடி வரைக்கும் கறுப்பு கிரானைட் மேடை. நீ பார்த்ததுதான். பார்த்துவிட்டு நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை.

ஜெஸிந்தா


ஊட்டி
அக்டோபர் 4

ஜெஸி,

நானும் ‘அன்புள்ள’ போடவில்லை. சரிக்குச் சரி.

பதினாறு இணைப்பு வாங்குகிறவள் பரணையும் ஒன்று சேர்த்து வாங்க வேண்டும். பதினான்கு அங்கேதான் போகும். நீ கேட்க வேண்டியது வேறு. மிக்ஸி அரைக்கும். இது நறுக்கும், துருவும், மாவு பிசையும். உனக்கு நறுக்கலும் பிசையலும்தான் வேலை. அதனால் மோட்டார் பலமாக இருக்கட்டும், கிண்ணம் அகலமாக இருக்கட்டும், பிளேடு தடித்த எஃகாக இருக்கட்டும். உங்கள் பக்கம் மின்சாரம் குரங்கு மாதிரி ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் தொடாதே. பேரீச்சம்பழத்தின் மேல் ஒரு பிடி மாவு தூவி, பட்டனை விட்டு விட்டு அழுத்து. ஒரேயடியாக ஓட்டினால் அல்வாதான் வரும். மூடி பூட்டாவிட்டால் மெஷின் ஓடாது. ‘ஓடலைங்க’ என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் மூடியைப் பூட்டாதவர்கள். மீதிப் பாதி பிளக்கைச் சொருகாதவர்கள். நீ எந்தப் பாதி என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஒன்றைத் தேர்ந்து கணேசனிடம் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிக்கொண்டு போகிற பிக்கப் அவனுடையது. உன் வீட்டு வளைவில் நிறுத்துவான், திரும்பி வரும்போது உன் கடிதத்தையும் வாங்கிக்கொள்வான். தபால்காரரை விட நல்லவன், படித்துப் பார்க்க மாட்டான்.

அன்றைக்கு நான் சொன்னது ஒன்றுமில்லை, கேட்டதுதான். “இங்க ஒரு ஊத்து இருந்துச்சே, அதை எங்கே வெச்சீங்க?” ஃபாதர் ஜெபம் முடித்த கையோடு எல்லாரும் நின்றிருந்தார்கள், நேரம் சரியில்லை. அம்புரோஸ் அண்ணன் “பைப்புக்குள்ள போட்டு மண்ணைத் தட்டிட்டோம்” என்று சிரித்தார். நீ அழுதாய். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சபீஹா


குன்னூர்
அக்டோபர் 11

சபீஹா,

விளங்காதா? சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்கும்போது புதுச் சமையலறையில் குற்றம் கண்டுபிடித்தால் அதற்குப் பெயர் என்ன? எங்கள் ஊரில் பொறாமை. ஊட்டியில் ‘கேள்வி’ போலிருக்கிறது.

மெஷின் வந்தது. மூடியைப் பூட்டினேன், பிளக்கையும் சொருகினேன். உன் இரண்டு பாதியிலும் நான் இல்லை. நறுக்கியது, குறை சொல்ல மாட்டேன். பேரீச்சை உதிர் உதிராக வந்தது. ஆனால் மாவு பிசையப் போட்டதும் நடக்க ஆரம்பித்தது. இடது பக்கமாக, ஜன்னலைப் பார்த்து, பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகிறவள் மாதிரி அடக்கமாக. இழுத்து வைத்தேன். மறுபடியும் இடது பக்கம். கடைசியில் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமான புதிதில்கூட அம்புரோஸை அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

அவர் வந்து பார்த்துவிட்டு, “வெலிங்டன் மெஷினா இருந்தா அட்டென்ஷன்ல நிக்கும். இது ஊட்டிச் சரக்கு, வியூ பாக்கப் போகுது” என்றார்.

திருப்பி அனுப்புகிறேன். நிற்கத் தெரிந்த மெஷின் ஒன்று அனுப்பு.

சமையலறைக் கதவும் ஒரு வாரமாகச் சாத்துவதில்லை, மேல் மூலை இடிக்கிறது. மரம் மழைக்கு ஊதிவிட்டதாம். மழை பெய்யாமலேயே நான் ஊதவில்லையா, அது போலத்தான்.

ஜெஸிந்தா


ஊட்டி
அக்டோபர் 14

ஜெஸி,

நீ அனுப்பிய மெஷினைக் கடை மேசையில் வைத்து, மாவு போட்டு, மூன்று தடவை ஓட்டினேன். அசையவில்லை. பன்னு வாங்க வந்த ஆள்கூட நின்று பார்த்துவிட்டு, “மெஷின் நல்லாத்தானுங்க இருக்கு” என்றார். பேக்கரி பக்கத்துக் கடை என்று சொல்லி அனுப்பினேன். என் வீட்டுக்காரர் நூருல்லா, “உன் சிநேகிதிக்குத்தான் காலு நிக்கலை” என்கிறார். அவர் சொன்னது, நான் சொன்னதில்லை.

சரி, வாடிக்கையாளர் எப்போதும் சரி. இன்னும் கனமான ஒன்று அனுப்புகிறேன். இதற்கு அடியில் ரப்பர் உறிஞ்சிகள் இருக்கின்றன, பல்லி மாதிரி பிடித்துக்கொள்ளும். மேடையை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஈரக்கையால் அழுத்தி வை. இதுவும் நடந்தால் அதற்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்.

கதவைத் தச்சரிடம் காட்டு.

சபீஹா


குன்னூர்
அக்டோபர் 23

சபீஹா,

உன் பல்லியும் நடக்கிறது. போன மெஷின் பாதி மேடைதான் போயிற்று. இது ஜன்னல் வரைக்கும் போய்க் கண்ணாடியை டக் டக் என்று தட்டுகிறது, யாரோ வெளியே நின்று கூப்பிடுகிற மாதிரி. வெளியே நிற்க இடமே கிடையாது, அந்தப் பக்கம் பள்ளம்தான்.

கேக்கும் என்னைக் கேலி செய்கிறது. ஆகஸ்டில் மாதா திருநாளுக்குப் போட்ட கேக் பீடத்து மேசை மாதிரி சமமாக வந்தது. இந்த மாதம் எதைப் போட்டாலும் ஒரு பக்கம் பணக்காரன், ஒரு பக்கம் ஏழை. ஐசிங்கை வைத்து மேடு பள்ளம் தெரியாமல் பூசு என்கிறார் அம்புரோஸ். பூசி மறைப்பதில் அவருக்கு நல்ல அனுபவம், பேசுகிறார். உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன், ரம் சேர்க்காமல் திராட்சைச் சாற்றில் ஊறியது. சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. சாம்பிள்.

அப்புறம் என் மாமியார் திரும்பி வந்திருக்கிறார் போலிருக்கிறது. மேடைக்குக் கீழே இருக்கிற டிராயர் தானாகத் திறந்துகொள்கிறது. மூடிவிட்டு நகர்ந்தால் மெதுவாக, மெதுவாக, மறுபடியும். சர்க்கரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று தேடுகிறார். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான்.

நீ அக்கறையாக விசாரித்த ஊற்றைப் பற்றி ஒரு நல்ல செய்தி. கீழே பைப் வழியாகச் சதா சொட்டிக்கொண்டிருந்தது அல்லவா, இந்த அடைமழையிலும் பத்து நாளாக ஒரு சொட்டு இல்லை. “ஊத்து தோத்துப் போச்சு” என்று அம்புரோஸ் டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஷைனா தலைப்பிரசவத்துக்கு முப்பதாம் தேதி வருகிறாள். சமையலறையை ஒட்டிய அறையில்தான் படுக்கை போட்டிருக்கிறேன். அடுப்புச் சூடு சுவர் வழியாக வரும், குளிருக்கு இதமாக இருக்கும்.

ஜெஸிந்தா


ஊட்டி
அக்டோபர் 25

ஜெஸி,

கேக் ருசியாக இருந்தது. அதைப் பிறகு விவரமாகப் புகழ்கிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் அதை என் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேக் மாவு தண்ணீர் மாதிரி, தானாகச் சமமாகிக்கொள்ளும். அது பொய் சொல்லாது. ஒரு பக்கம் உயர்ந்து வந்திருக்கிறது என்றால் அச்சு சாய்ந்திருந்தது. அச்சு சாய்ந்தால் ஓவன் சாய்ந்திருக்கிறது. ஓவன் மேடை மேல்தானே இருக்கிறது?

என்னிடம் அசையாத இரண்டு மெஷின் உன்னிடம் நடக்கிறது, இரண்டும் ஒரே பக்கமாக. கதவு இடிக்கிறது. டிராயர் திறக்கிறது. உன் மாமியாரை விட்டுவிடு, பாவம். ஒரு அகலத் தட்டை மேடையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்.

பைப் வற்றியது நல்ல செய்தி என்று எழுதியிருக்கிறாய். மழையில் வற்றுகிற ஊற்றை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? வெளியே வராத தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது, ஜெஸி. உன் கால் நிற்கிற மண்ணுக்குள்.

உன்னை எத்தனையோ தடவை கூப்பிட்டேன். ஷைனா போட்ட பூட்டு பலமாக இருக்கிறது. வேறு நம்பரிலிருந்து அடித்தாலும் நீ எடுப்பதில்லை. அவள் நம்பர் என்னிடம் இல்லை.

சபீஹா


குன்னூர்
அக்டோபர் 28

சபீஹா,

தட்டு வைத்தேன். தண்ணீர் எல்லாம் இடது ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. வலது பக்கம் என் பெயரை எழுதுகிற அளவுக்குக் காய்ந்திருந்தது. போதுமா?

அம்புரோஸ் விழுந்து விழுந்து சிரித்தார். மேடையில் சிந்துகிற தண்ணீர் தொட்டிக்குப் போக வேண்டாமா? தொட்டி இடது கோடியில் ஒரு மூலையில் இருக்கிறது, அதற்காகக் கொத்தனார் பழனியாண்டி வைத்த சாய்வு அது. சமையலறை கட்டுகிறவனுக்கு இது தெரியும், மிக்ஸி விற்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்த மனுஷன் ஓய்வு பெற்றுக் கையில் வந்ததையெல்லாம் இந்த ஓர் அறையில் போட்டார். நான் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே சமைக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு வருடம் ஆகியும் அது உன் கண்ணை உறுத்துகிறது. நிறைமாதப் பெண் வருகிற நேரத்தில் இப்படியா எழுதுவாய்?

மெஷினை நானே வைத்துக்கொள்கிறேன், நடந்தால் நடக்கட்டும். இனி கடிதம் வேண்டாம். கைக்கும் சத்தியம் வாங்கிவிட்டேன்.

ஜெஸிந்தா


ஊட்டி
அக்டோபர் 31

ஜெஸி,

கொத்தனார் வைத்த சாய்வு வளராது.

ஆகஸ்டில் சமமாக வந்த கேக் அக்டோபரில் சாய்கிறது. முதலில் பாதி மேடை போன மெஷின் இப்போது கண்ணாடி வரைக்கும் போகிறது. நீயே எழுதியதுதான், நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அம்புரோஸ் அண்ணன் நம்பரைத் தேடிப் பிடித்து அடித்தேன். எடுத்தார். “சபீஹாம்மா, அந்தச் சமையலறை மேல உங்க கண்ணு இன்னும் போகலீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவில்லை. நூருல்லா நேரில் வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார். வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவீர்கள் என்று நான்தான் தடுத்தேன். தடுத்தது சரியா என்று இப்போது தெரியவில்லை.

என் மேல் கோபமாகவே இரு. ஊட்டியில் இருந்துகொண்டு கோபப்படு. என் மாடி அறை காலியாக இருக்கிறது. ஒரே வீட்டில் பேசாமல் இருக்க நம் இருவருக்கும் ஹாஸ்டலிலேயே பழக்கம்தானே.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மெஷின் விற்றவளாகக் கேட்கிறேன். பிளக்கைக் கழற்று. ரப்பர் உறிஞ்சிகளையும் கழற்றிவிடு. மெஷினை மேடை நடுவில் வைத்து, அதன் இடது பக்கம் மாவால் ஒரு கோடு போடு. அப்படியே விட்டுவிடு. நகரவில்லை என்றால் உன் கோயில் வாசலில், ஃபாதர் முன்னால் நின்று, என் கண்தான் பொல்லாதது என்று சொல்கிறேன்.

நகர்ந்தால் எனக்குச் சொல்லிக்கொண்டு நிற்காதே. ஷைனாவைக் கூட்டிக்கொண்டு படியேறி ரோட்டுக்கு வந்துவிடு.

சபீஹா


குன்னூர்
நவம்பர் 4

அன்புள்ள சபீ,

போட்டுவிட்டேன். பார்த்துக்கொள்.

கல்லறைத் திருநாள் அன்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. நேற்று மாலை நீ சொன்னபடி கோடு போட்டேன். உன்னைக் கோயில் வாசலில் நிறுத்திப் பார்க்க அவ்வளவு ஆசை. காலையில் வந்து பார்த்தால் கோட்டைக் காணோம். எலி தின்றுவிட்டது என்று நினைத்தேன். மெஷினைத் தூக்கினேன். கோடு அதன் வயிற்றுக்குக் கீழே இருந்தது.

ஷைனாவிடம் மட்டும் சொன்னேன். “ராத்திரியெல்லாம் சுவத்துக்குள்ள தண்ணி ஓடற சத்தம் கேட்டுச்சும்மா, குழந்தைதான் புரளுதுன்னு நெனச்சேன்” என்றாள். கணேசன் மண்டியிலிருந்து திரும்புகிற வண்டியில் அவளை உன்னிடம் அனுப்புகிறேன். கூடவே ரம்மில் ஊறுகிற பழ ஜாடியும் வருகிறது. உன் வீட்டில் அதை வைப்பது பாவம்தான். ஆனால் ஆர்டர் ஆர்டர்தானே, மூடியை மட்டும் திறக்காதே.

அம்புரோஸும் பழனியாண்டியும் சமையலறைக்குக் கீழே இருக்கிறார்கள். பைப்பைத் தோண்டித் திறந்துவிட்டால் தண்ணீர் வடிந்து எல்லாம் சரியாகிவிடுமாம். வண்டியில் ஏறுங்கள் என்று கெஞ்சினேன். “ஒரு ஊத்துக்குப் பயந்து ஊட்டை விட்டுட்டுப் போறதா, ஜெஸி? மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு வந்துர்றேன்” என்றார். நனைந்த தலையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த அறையைக் கட்டி முடித்த அன்றைக்குச் சிரித்த மாதிரியே.

இதைச் சமையலறையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். முட்டாள்தனம்தான், வேறு எங்கு நின்றாலும் கை ஓடவில்லை. எழுத ஆரம்பிக்கும்போது மெஷினுக்கு ஒரு விரல் தள்ளிப் புதுக்கோடு போட்டேன். பிளக் என் கையில் இருக்கிறது, சபீ. மெஷின் கோட்டைத் தொட்டுவிட்டது.

கீறுகிற சத்தம் ஒன்று கேட்கிறது. என் பேனா என்று நினைத்தேன். பேனாவை எடுத்த பிறகும் கேட்கிறது. ஜன்னல் கண்ணாடியின் மூலையிலிருந்து ஒரு கோடு வந்துகொண்டிருக்கிறது.

மேலே கணேசன் ஹாரன் அடிக்கிறான். இதை ஷைனாவிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வரக் கீழே போகிறேன். பழனியாண்டியையும். அடுத்த பஸ்ஸில் வருவோம். மூன்று பேருக்கும் சேர்த்துச் சோறு வை. வாயின் சத்தியத்தை நேரில் வந்து எடுத்துவிடுகிறேன்.

உன்
ஜெஸி


ஊட்டி
நவம்பர் 4, மாலை

அன்புள்ள ஜெஸி,

ஷைனா பத்திரமாக வந்து சேர்ந்தாள். சூடாகக் கஞ்சி கொடுத்தேன். ஜாடியை மடியிலிருந்து இறக்கவே மாட்டேன் என்றாள், மெல்ல வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். ரம் வாசனை வீடு முழுக்க அடிக்கிறது. என் மாமியார் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்.

ஷைனா வந்த வண்டி குன்னூர் தாண்டிய கொஞ்ச நேரத்தில் உங்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் பாதையை மூடிவிட்டார்களாம். மண் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். எந்த இடத்தில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நூருல்லாவும் கணேசனும் டார்ச்சும் கயிறும் எடுத்துக்கொண்டு திரும்பப் போயிருக்கிறார்கள். பஸ் ஏதும் வரவில்லை.

இதை யாரிடம் கொடுத்தனுப்புவேன் என்று தெரியவில்லை. கை சும்மா இருக்க மறுக்கிறது, எழுதுகிறேன். நான்கு தட்டு வைத்திருக்கிறேன். மூன்றுதான் கேட்டாய். ஒன்று எனக்கு, உன்னோடு உட்கார்ந்து சாப்பிட. என் மேசை சமமாக இருக்கிறது, வந்து பார்.

ஒன்று சொல்ல மறந்தேன். வண்டிக்குக் காத்திருந்தபோது ஷைனா உன் போனை வாங்கி, என் மேல் போட்டிருந்த பூட்டை எடுத்துவிட்டாளாம். போன் உன் ஸ்வெட்டர் பையில்தான் இருந்தது என்கிறாள். இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்த நம்பர். இப்போது அடிக்கிறேன், ஷைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ரிங் போகிறது, ஜெஸி. எடு.

சபீ